தமிழ்நாட்டில் ஓர் உரிமையியல் வழக்கு: பிராது முதல் நிறைவேற்றம் வரை விசாரணை நீதிபதி பின்பற்றும் விதிகள் – முழுமையான வழிகாட்டி

வீட்டுமனை, வரப்பு, பாகப்பிரிவினை, கொடுத்த கடன் என எந்தத் தகராறாக இருந்தாலும், அது தாவாவாக நீதிமன்றத்துக்குள் நுழைந்தவுடன் அதை விசாரிக்கும் நீதிபதி தம் விருப்பப்படி எதையும் செய்துவிட முடியாது. எந்த ஆவணத்தை எப்போது பெற வேண்டும், யாரை முதலில் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டும், வாதம் முடிந்து எத்தனை நாளில் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது வரை சட்டம் வகுத்து வைத்திருக்கிறது. ஆனால் வாய்தாவுக்கு வாய்தா நீதிமன்றத் தாழ்வாரத்தில் காத்து நிற்கும் பெரும்பாலானோருக்குத் தங்கள் வழக்கு இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது, அந்தக் கட்டத்தில் நீதிபதி தங்களிடம் எதை எதிர்பார்க்கிறார் என்பது தெரிவதில்லை. நீதிபதி வழக்குக் கட்டில் உள்ளதை மட்டுமே பார்த்துத் தீர்ப்பளிக்கிறார். அந்தக் கட்டுக்குள் எது போகும், எது போகாது என்பது வழக்கின் முதல் சில மாதங்களிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. ஆகவே இந்த வழிகாட்டி முதல் கட்டங்களுக்கு அதிக இடம் கொடுக்கிறது.

விளக்கத்துக்காக ஒரே ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். ஒருவர் (வழக்கில் இவரே வாதி) 1998-ல் பதிவு செய்யப்பட்ட கிரையப் பத்திரத்தின் மூலம் ஒரு காலி மனையை வாங்கியிருக்கிறார். இப்போது பக்கத்து மனைக்காரர் (இவரே பிரதிவாதி, அதாவது எதிரி) அந்த மனைக்குள் கல் நட்டு, பட்டா தன் பெயரில் இருப்பதாகவும் மனை தன்னுடையது என்றும் சொல்கிறார். தமிழ்நாட்டின் முன்சீப் நீதிமன்றங்களுக்கு நாள்தோறும் வரும் வழக்கின் வடிவம் ஏறக்குறைய இதுதான்.

நீதிபதியின் கையில் உள்ள சட்டங்கள்

அடிப்படைச் சட்டம் 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் (சிவில்) நடைமுறைச் சட்டம். அதன் முற்பகுதியில் 158 பிரிவுகள் உள்ளன. அவற்றில் உயர் நீதிமன்றம் கைவைக்க முடியாது. பிற்பகுதியான முதலாம் அட்டவணையில் ‘கட்டளை’, ‘விதி’ என்று பகுக்கப்பட்ட நடைமுறைகள் உள்ளன. இவற்றைத் தன் அதிகார எல்லைக்குள் திருத்திக்கொள்ள 122-ஆவது பிரிவு உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. இதனால்தான் ஒரே கட்டளையின் கீழ் சென்னை உயர் நீதிமன்றத் திருத்தமும் வேறு மாநிலத்துத் திருத்தமும் வேறுபடலாம். வேறு மாநிலத் தீர்ப்பு ஒன்றை எடுத்துக்காட்டும்போது அந்த விதி இங்கும் அதே சொற்களில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதனோடு 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், அதே ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டம், 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணங்கள் மற்றும் தாவா மதிப்பீட்டுச் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகியவையும் நீதிபதியின் மேசையில் இருக்கும். 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியம் நடைமுறையில் உள்ளது. கருத்துகள் பெரும்பாலும் பழையவையே. பிரிவு எண்கள்தான் பெரிதும் மாறியுள்ளன. 

விரைவான விசாரணைக்காக 1999-லும் 2002-லும் நடைமுறைச் சட்டத்தில் செய்யப்பட்ட பெரிய திருத்தங்கள் 2002 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தன. அவற்றை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது சேலம் வழக்கறிஞர் சங்கம். அந்த வழக்கில் 2002-லும் 2005-லும் வந்த தீர்ப்புகள் இன்றும் இந்தியா முழுவதும் விசாரணை நீதிபதிகள் கால வரம்புகளை எப்படிப் பொருள்கொள்ள வேண்டும் என்பதற்கு அடிப்படையாக உள்ளன. 

முதல் படி: இந்த நீதிமன்றம் விசாரிக்கலாமா, காலம் கடந்துவிட்டதா

நடைமுறைச் சட்டத்தின் ஒன்பதாவது பிரிவின்படி, சட்டத்தால் வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ தடுக்கப்படாத எல்லா உரிமையியல் வழக்குகளையும் உரிமையியல் நீதிமன்றம் விசாரிக்கலாம். வாராக் கடனை மீட்க வங்கி சர்பாசி சட்டத்தின் கீழ் எடுக்கும் நடவடிக்கை, அறநிலையத் துறை அதிகாரிகளே முடிவு செய்ய வேண்டிய கோயில் விவகாரங்கள் போன்றவற்றில் இந்தத் தடை குறுக்கே வரும். அசையாச் சொத்து பற்றிய வழக்கை, சொத்து அமைந்துள்ள எல்லைக்குரிய நீதிமன்றத்தில், அதுவும் அதை விசாரிக்கத் தகுதியுள்ள மிகக் கீழ்நிலை நீதிமன்றத்தில் தொடுக்க வேண்டும். முன்சீப் நீதிமன்றம், சார்பு நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம் ஆகியவற்றின் பண வரம்புகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், தாக்கல் செய்யும் நாளில் நடப்பிலுள்ள வரம்பைப் பார்த்துக்கொள்வது அவசியம். தவறான நீதிமன்றத்தில் தாக்கலானால் பிராது (வாதி தாக்கல் செய்யும் வழக்கு மனு) உரிய நீதிமன்றத்தில் தாக்கல் செய்வதற்காகத் திருப்பித் தரப்படும்; வழக்கு அழியாது, காலம்தான் வீணாகும்.

காலவரையறையோ அப்படிப்பட்டதல்ல. எதிர்த் தரப்பு எதிர்ப்பே தெரிவிக்காவிட்டாலும், காலம் கடந்த வழக்கை நீதிபதி தள்ளுபடி செய்தே ஆக வேண்டும் என்கிறது காலவரையறைச் சட்டத்தின் மூன்றாவது பிரிவு. மேல்முறையீட்டிலும் மனுவிலும் தாமதத்தை மன்னிக்க உதவும் ஐந்தாவது பிரிவு அசல் வழக்குக்குப் பொருந்தாது. கடன் தொகைக்கும், கிரைய ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோருவதற்கும் மூன்று ஆண்டுகள். உரிமை அடிப்படையில் அசையாச் சொத்தின் சுவாதீனம் (சொத்தைக் கைவசம் வைத்திருத்தல்) கோர, எதிரியின் அனுபவம் வாதியின் உரிமைக்குப் பாதகமாக மாறிய நாளிலிருந்து 12 ஆண்டுகள். வெறும் விளம்புகைக்கு (உரிமை இன்னாருடையது என்று நீதிமன்றம் அறிவிப்பதற்கு), வழக்குத் தொடுக்கும் உரிமை முதலில் எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். 

அரசு ஒரு தரப்பாக இருந்தால் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆவது பிரிவின்படி இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். மிக அவசரமான பரிகாரம் தேவைப்பட்டால் நீதிமன்றத்தின் அனுமதியோடு அறிவிப்பின்றியே தொடுக்கலாம். ஆனால் அரசுத் தரப்புக்கு வாய்ப்பளிக்காமல் இடைக்கால உத்தரவு தரப்படாது.

இரண்டாம் படி: எந்தப் பரிகாரத்தைக் கேட்பது

சொத்து வழக்குகளில் மிக அதிகமான தோல்விகள் விதைக்கப்படும் இடம் இதுவே என்பது என் உறுதியான கருத்து. செலவு குறைவு என்பதற்காக, உரிமையே மறுக்கப்பட்ட நிலையிலும் வெறும் நிரந்தர உறுத்துக்கட்டளை (எதிரி இடையூறு செய்யக் கூடாது என்று தடுக்கும் உத்தரவு) மட்டும் கோரி வழக்குத் தொடுக்கிறார்கள்; பத்தாண்டு கழித்து, விளம்புகை கோரவில்லை என்ற ஒரே காரணத்தால் அது தள்ளுபடியாகிறது.

2008-ல் அனத்துல சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக வகுத்தது. வாதி சுவாதீனத்தில் இருந்து, அதற்கு வெறும் இடையூறு மட்டும் நேர்ந்தால் உறுத்துக்கட்டளை வழக்கே போதும். அவருடைய உரிமையின்மீது முகாந்திரமுள்ள ஐயத்தை எதிரி எழுப்பியிருந்தால் விளம்புகையும் உறுத்துக்கட்டளையும் சேர்த்துக் கோர வேண்டும். சுவாதீனத்தையே இழந்துவிட்டிருந்தால் விளம்புகையோடு சுவாதீன ஒப்படைப்பும் கோர வேண்டும். காலி மனையைப் பொறுத்தவரை, உரிமை யாரிடம் உள்ளதோ சுவாதீனமும் அவரிடமே இருப்பதாகக் கொள்ளப்படுவதால், உரிமையைத் தொடாமல் சுவாதீனத்தை மட்டும் முடிவு செய்வது பெரும்பாலும் இயலாது.

நம் கற்பனை வழக்கில் எதிரி பட்டாவைக் காட்டி மனையே தன்னுடையது என்கிறார். பட்டா வருவாய்த் துறைப் பதிவு. அது தானாகவே உரிமையை உருவாக்குவதில்லை என்பது பல தீர்ப்புகளில் நிலைபெற்ற கோட்பாடு. இருந்தாலும் அரசின் பதிவேட்டை ஆதாரமாக வைத்து ஒருவர் உரிமை கொண்டாடும்போது, அதை வெற்றுப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. எனவே இங்கே விளம்புகையும் உறுத்துக்கட்டளையும் சேர்த்துக் கோருவதே பாதுகாப்பானது. தீர்வழிச் சட்டத்தின் 34-ஆவது பிரிவின் வரம்புரையையும் மறக்கக் கூடாது: கூடுதல் பரிகாரம் கேட்கக்கூடிய நிலையில் இருந்தும் கேட்காமல் விளம்புகை மட்டும் கோரினால், நீதிமன்றம் அதைத் தராது. ஒரே வழக்கு மூலத்திலிருந்து (வழக்குத் தொடுக்க உரிமை தரும் காரணத்திலிருந்து) எழும் கோரிக்கையில் ஒரு பகுதியை இப்போது விட்டுவிட்டுப் பிறகு தனி வழக்காகக் கொண்டுவருவதையும் கட்டளை 2 விதி 2 தடுக்கிறது.

மூன்றாம் படி: பிராது, கட்டணம், எண்

பிராதில் வழக்குக்கு அடிப்படையான நிகழ்வுகளைச் சொல்ல வேண்டும். அவற்றை நிரூபிக்கும் சாட்சியத்தை அங்கே விவரிக்கத் தேவையில்லை. மோசடி, போலி ஆவணம், மிரட்டிக் கையெழுத்து வாங்கியது போன்ற குற்றச்சாட்டு இருந்தால் நாள், இடம், செய்தவர், செய்த விதம் ஆகிய விவரங்கள் அனைத்தையும் கொடுக்க வேண்டும். “மோசடியாக” என்ற ஒற்றைச் சொல்லை நீதிபதி வழக்குரையாக (தரப்பினர் எழுத்தில் வைக்கும் கூற்றாக) ஏற்கமாட்டார். சொத்து விவரப் பகுதியில் மாவட்டம், வட்டம், கிராமம், பழைய சர்வே எண், உட்பிரிவுக்குப் பின் வந்த எண், நான்கெல்லை, நீள அகலங்கள் எல்லாம் பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும். எல்லை குழப்பமாக இருந்தால் வரைபடம் இணைப்பது நல்லது; பிற்பாடு நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றும் ஊழியரான அமீனா நிலத்துக்குப் போகும்போது இந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் அளப்பார். தாய்ப்பத்திரம், கிரையப் பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீதுகள் என நம்பியிருக்கும் ஆவணங்களைப் பிராதோடு தாக்கல் செய்யாவிட்டால், பிறகு நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் அவற்றைச் சாட்சியமாக்க முடியாது.

நீதிமன்றக் கட்டணத்தை, விளம்புகையோடு உறுத்துக்கட்டளையும் கோரும்போது சொத்தின் சந்தை மதிப்பில் பாதியை அடிப்படையாக வைத்துக் கணக்கிட வேண்டும். சுவாதீனமும் கோரினால் முழு மதிப்பும் கணக்கில் வரும். முன்பு 7.5 சதவீதமாக இருந்த மதிப்புவழிக் கட்டணம் 2017-ல் 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வழக்கைப் பதிவேட்டில் ஏற்றும் முன்பே கட்டணம் சரிதானா என்று நீதிமன்றம் பார்க்க வேண்டும். மதிப்பைக் குறைத்துக் காட்டியதாகப் பிரதிவாதி ஆட்சேபித்தால், மற்றவற்றை விசாரிப்பதற்கு முன் அதை முடிவு செய்ய வேண்டும்.

குறைகள் இருந்தால் பிராது திருப்பப்படும். குறிப்பிட்ட நாளுக்குள் குறையைச் சரிசெய்து மீண்டும் தாக்கல் செய்ய வேண்டும். எண் கிடைத்ததும் வழக்குக்கு அசல் வழக்கு எண்ணோடு சி.என்.ஆர். எனப்படும் 16 இடங்கள் கொண்ட அடையாள எண்ணும் உருவாகும். அதை வைத்துக்கொண்டு இ-கோர்ட்ஸ் தளத்தில் அடுத்த வாய்தா தேதி, வழக்கின் கட்டம், பிறப்பித்த உத்தரவுகள் ஆகியவற்றைத் தரப்பினர் தாங்களே பார்க்கலாம். எதற்கும் வக்கீல் குமாஸ்தாவையே நம்பியிருந்த நிலையை இது உண்மையிலேயே மாற்றியிருக்கிறது.

பிராதைப் படித்த அளவிலேயே வழக்கு மூலம் எதுவும் இல்லை என்றோ, ஏதோ ஒரு சட்டத்தால் தடுக்கப்பட்டது என்றோ தெரிந்தால், கட்டளை 7 விதி 11-ன்படி நீதிபதி அதை நிராகரிக்கலாம். அப்போது பிராதையும் அதனோடுள்ள ஆவணங்களையும் மட்டுமே பார்ப்பார். பிரதிவாதி என்ன சொல்கிறார் என்பது அந்த நிலையில் கணக்கில் வராது.

நான்காம் படி: இடைக்கால உறுத்துக்கட்டளை

பிராதோடு சேர்த்து, வழக்கு முடியும்வரை எதிரி மனைக்குள் நுழையக் கூடாது என்று இடைநிலை மனு தாக்கலாவது வழக்கம். கட்டளை 39-ன் கீழ் நீதிபதி மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறார். விசாரிக்கத்தக்க முகாந்திரம் இருக்கிறதா? உத்தரவு தராவிட்டால் வாதிக்கு நேரும் இன்னல், தந்தால் பிரதிவாதிக்கு நேரும் இன்னலைவிடப் பெரியதா? பணத்தால் ஈடுகட்ட முடியாத இழப்பு ஏற்படுமா? மூன்றுக்கும் ஆம் என்ற விடை வர வேண்டும். இது விருப்புரிமைப் பரிகாரம் என்பதால், உண்மையை மறைத்து வந்தவருக்கு இந்த மூன்றும் இருந்தும் உத்தரவு மறுக்கப்படலாம்.

எதிர்த் தரப்புக்கு அறிவிப்பு அனுப்பிய பிறகே உத்தரவு தர வேண்டும் என்பதுதான் பொதுவிதி. அறிவிப்பு போய்ச் சேரும் தாமதத்தால் மனுவின் நோக்கமே பாழாகும் என்றால் மட்டும், அதற்கான காரணத்தை எழுதிப் பதிவுசெய்து, ஒருதலைப்பட்சமாக உத்தரவு தரலாம். அப்படிப் பெற்றவர் மனு, உறுதிமொழிப் பத்திரம், பிராது, ஆவணங்கள் ஆகியவற்றின் நகல்களை உடனே எதிரிக்கு அனுப்பி, அனுப்பியதாக அன்றோ மறுநாளோ உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும்; நீதிபதியும் 30 நாளுக்குள் அந்த மனுவை இறுதியாக முடிக்க முயல வேண்டும். நடைமுறையில் இந்த 30 நாள் பலமுறை நீள்கிறது. பாதிக்கப்பட்ட பிரதிவாதி அதற்குள் முன்வந்து எதிருரை தாக்கல் செய்து, உத்தரவை நீக்கக் கோரி வாதாட வேண்டும். இப்படி ஒரு வழக்கு வரும் என்று முன்கூட்டியே அஞ்சுபவர் 148-ஏ பிரிவின்கீழ், தன்னைக் கேட்காமல் உத்தரவு தரக் கூடாது என்ற கேவியட் மனு போட்டு வைக்கலாம். அது 90 நாள் செல்லும்.

உத்தரவை மீறினால் சொத்தைப் பற்றுகை (ஜப்தி) செய்யவும், மூன்று மாதத்துக்கு மிகாமல் உரிமையியல் சிறையில் வைக்கவும் விதி 2-ஏ இடம் தருகிறது. கல் நடப்பட்டுள்ள இடம், பழைய வேலி, கட்டுமானம் போன்றவை மாற்றப்படும் முன் பதிவாக வேண்டுமென்றால் கட்டளை 26 விதி 9-ன்படி வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கக் கேட்கலாம். அவர் நில அளவையரின் உதவியோடு அளந்து, வரைபடத்தோடு அறிக்கை தருவார். சுவாதீனம் யாரிடம் உள்ளது என்று கண்டுபிடித்துத் தரும் வேலையை மட்டும் ஆணையரிடம் ஒப்படைக்க முடியாது. அது சாட்சியத்தின் பேரில் நீதிபதியே முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

ஐந்தாம் படி: அழைப்பாணையும் எதிருரையும்

அழைப்பாணை சார்வான (கையில் சேர்ப்பிக்கப்பட்ட) 30 நாளுக்குள் பிரதிவாதி எதிருரை (பிராதுக்கு எழுத்துமூலப் பதில்) தாக்கல் செய்ய வேண்டும். நீதிபதி காரணம் எழுதி 90 நாள் வரை நீட்டிக்கலாம். சாதாரண உரிமையியல் வழக்குகளில் இந்த 90 நாள் கண்டிப்பானதல்ல, தகுந்த காரணம் இருந்தால் அதன் பிறகும் ஏற்கலாம் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. வணிக வழக்குகளில் 120-ஆவது நாளோடு அந்த உரிமை முடிந்துவிடும்.

பிராதின் ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியாக எடுத்து மறுக்க வேண்டும். “பிராதில் கண்ட சங்கதிகள் யாவும் உண்மைக்குப் புறம்பானவை” என்ற பொதுவான வரி மறுப்பாகாது. குறிப்பாக மறுக்கப்படாத கூற்று ஒப்புக்கொள்ளப்பட்டதாகக் கொள்ளப்படும். 

பிரதிவாதி வராவிட்டால் அவர் ‘செட் எக்ஸ்பார்ட்டி’ (வராத தரப்பு) ஆக்கப்பட்டு, வாதியின் சாட்சியத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு வரும். அதை நீக்கக் கோரும் மனுவை, தீர்ப்பாணை (தீர்ப்பின் முடிவைச் சொல்லும் முறையான ஆணை) தேதியிலிருந்தோ, அழைப்பாணை முறையாகச் சார்வாகாதிருந்தால் தெரியவந்த நாளிலிருந்தோ 30 நாளுக்குள் போட வேண்டும். பிரதிவாதி வந்திருக்கும் நாளில் வாதி வராவிட்டால் வழக்கு தள்ளுபடியாகும். அதே வழக்கு மூலத்தில் புது வழக்குப் போட முடியாது, 30 நாளுக்குள் மறுபடி கோப்புக்கு எடுக்கத்தான் மனுச் செய்ய வேண்டும்.

ஆறாம் படி: எழுவினாக்கள்

இரு தரப்பு வழக்குரைகளையும் படித்து, ஒருவர் சொல்லி மற்றவர் மறுக்கும் ஒவ்வொரு முக்கியச் செய்தியையும் நீதிபதி ஓர் எழுவினாவாக வனைகிறார். நம் வழக்கில் அவை இப்படி அமையலாம்: தாவாச் சொத்து வாதிக்குப் பாத்தியப்பட்டதா? தாக்கல் தேதியில் வாதி சுவாதீனத்தில் இருந்தாரா? பிரதிவாதி சொல்லும் பட்டா வாதியைக் கட்டுப்படுத்துமா? வழக்கு காலவரையறைக்கு உட்பட்டதா? வாதிக்கு வேறு என்ன பரிகாரம் கிடைக்கத்தக்கது? 

எழுவினாக்கள் வனையப்பட்ட நாளைச் சடங்காகக் கடந்துவிடுகிறார்கள். உண்மையில் நிரூபிக்கும் சுமை யாருடையது என்பது இந்த வினாக்களின் சொல்லமைப்பிலேயே தெரியும். தேவையான வினா விடுபட்டிருந்தால் கூடுதல் எழுவினா கேட்க கட்டளை 14 விதி 5 இடம் தருகிறது. அதிகார வரம்பு, சட்டத் தடை ஆகிய இரண்டையும் பற்றிய தூய சட்ட வினாக்களை மட்டும் முதலில் தனியாக விசாரிக்கலாம். இந்தக் கட்டத்துக்கு முன்போ பின்போ 89-ஆவது பிரிவின்படி சமரசத்துக்கு அனுப்பலாம். சமரசமானால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். தரப்பினர் நீதிமன்றத்துக்கு வெளியே தாங்களே பேசி முடித்தாலும் அந்த உரிமை உண்டு என்று, சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை ஏற்று 2021-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

விசாரணை தொடங்கிவிட்ட பிறகு பிராதைத் திருத்துவது கடினம். உரிய முனைப்போடு இருந்தும் முன்பே எழுப்ப முடியவில்லை என்று நீதிபதி திருப்தியடைந்தால்தான் கட்டளை 6 விதி 17 அதை அனுமதிக்கும்.

ஏழாம் படி: சாட்சியம்

முதல் விசாரணை (ஒரு தரப்பு தன் சாட்சியைத் தானே விசாரிப்பது) இப்போது நிரூபண உறுதிமொழிப் பத்திரமாக எழுத்தில் தாக்கலாகிறது. தரப்பினர் தாமே சாட்சி சொல்ல விரும்பினால், தம் பிற சாட்சிகளுக்கு முன்பே கூண்டேற வேண்டும். தரப்பினர் கூண்டேறாமல் தவிர்த்தால் அவருக்கு எதிரான ஊகத்தை நீதிபதி கொள்ளலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் பவர் ஏஜெண்டை அனுப்புவது வழக்கமாகிவிட்டது. ஏஜெண்ட் தான் செய்த, தனக்கு நேரடியாகத் தெரிந்த செயல்களைப் பற்றி மட்டுமே சாட்சி சொல்ல முடியும், தனக்கு அதிகாரம் கொடுத்தவருக்கு மட்டுமே தெரிந்ததை அவருக்குப் பதிலாகச் சொல்ல முடியாது என்று 2004-லேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. 

ஆவணங்கள் குறியீடு செய்யப்படும் அந்த அரைமணி நேரத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். சாட்சி கூண்டில் நிற்க, ஆவணங்கள் ஒவ்வொன்றாக நீதிபதியிடம் போகின்றன. மூலமா நகலா, முத்திரைத்தாள் போதுமா, கட்டாயப் பதிவுக்கு உரியதா என்று அவர் பார்க்கிறார். ஏற்றுக்கொண்டால் வாதி தரப்புக்கு வா.சா.ஆ.1, 2 என்றும், பிரதிவாதி தரப்புக்கு பி.சா.ஆ.1, 2 என்றும் எண் விழுகிறது. ஆவணத்தின் மேல் வழக்கு எண், தாக்கல் செய்தவர் பெயர், தாக்கலான தேதி, ஏற்கப்பட்ட விவரம் ஆகியவை எழுதப்பட்டு நீதிபதி ஒப்பமிட வேண்டும் என்கிறது கட்டளை 13 விதி 4. ஜெராக்ஸ் என்றால், மூலம் தொலைந்ததா, எதிரியிடம் உள்ளதா என்ற காரணத்தைச் சொல்லி நிரூபித்தால்தான் இரண்டாம் நிலைச் சாட்சியமாக ஏற்கப்படும். 

எதிர்த் தரப்பு ஆட்சேபித்தால், அதைக் குறித்துக்கொண்டு ஆவணத்துக்குத் தற்காலிகமாக எண்ணிட்டு, இறுதித் தீர்ப்பில் முடிவு சொல்லலாம் என்ற வழிமுறையை 2001-ல் உச்ச நீதிமன்றம் ஒரு குற்ற வழக்கில் வகுத்தது. அதை உரிமையியல் நீதிமன்றங்களும் பரவலாகப் பின்பற்றுகின்றன. முத்திரைத் தீர்வைக் குறை பற்றிய ஆட்சேபம் மட்டும் இதற்கு விலக்கு. அதை அங்கேயே முடிவு செய்ய வேண்டும். குறைத் தீர்வையும் அபராதமும் கட்டினால் ஆவணம் உள்ளே வரும். பதிவு செய்யப்படாத கிரையப் பத்திரமோ பாகப்பிரிவினைப் பத்திரமோ உரிமையை நிரூபிக்க உதவாது. சுவாதீனத்தின் தன்மை போன்ற துணை நோக்கத்துக்கு மட்டுமே பார்க்கப்படும். ஆவணத்துக்கு எண் விழுந்துவிட்டதாலேயே அதில் உள்ளது நிரூபணமாகிவிட்டதாக எண்ணக் கூடாது. உயிலானால், பதிவு செய்யப்பட்டிருந்தாலும், சான்றொப்பமிட்ட சாட்சிகளில் உயிரோடிருக்கும் ஒருவரையாவது அழைத்து நிரூபிக்க வேண்டும். கைபேசிப் படம், கண்காணிப்புக் கேமராக் காட்சி, வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி, தாக்கல் செய்பவரும் நிபுணரும் ஒப்பமிட்ட இரு பகுதிச் சான்றிதழ் வேண்டும்.

குறுக்கு விசாரணையில் சாட்சி சொல்வதைக் கேள்வி பதிலாக எழுதாமல் தொடர் வாக்கியமாகவே பதிவு செய்வது வழக்கம். கேள்வியின் வடிவமே முக்கியம் என்றால், அதையும் விடையையும் சொல்லுக்குச் சொல் பதிய கட்டளை 18 விதி 10-ன்படி கேட்கலாம். பதிவானதைச் சாட்சிக்குப் படித்துக் காட்டும்போது, தான் சொன்னதற்கு மாறாக ஏதும் இருந்தால் கையெழுத்திடும் முன் அங்கேயே சொல்லித் திருத்திக்கொள்ள வேண்டும். எதிர்த் தரப்புச் சாட்சியின் முக்கியக் கூற்றைக் குறுக்கு விசாரணையில் தொடாமலே விட்டால், அது ஏற்கப்பட்டதாகவே நீதிபதி கொள்ள நேரும். நீதிபதி தாமும் எந்தக் கேள்வியையும் கேட்கலாம். அந்த விடையின்மீது குறுக்கு விசாரணை செய்ய அவருடைய அனுமதி வேண்டும். 

ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாக்களுக்கு மேல் தரக் கூடாது என்கிறது கட்டளை 17. நம் கட்டுப்பாட்டை மீறிய காரணம் இருந்தால் விலக்கு உண்டு. கட்சிக்காரர்கள் இந்த வரம்பைத் தெரிந்து வைத்திருப்பதும், எதிர்த் தரப்பு காரணமின்றி வாய்தா கேட்கும்போது செலவுத் தொகை விதிக்கக் கோருவதும் முற்றிலும் நியாயமானவை.

எட்டாம் படி: வாதமும் தீர்ப்பும்

குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணம் இங்கே தேவையில்லை. எந்தத் தரப்பின் கூற்று நிகழ்ந்திருக்க அதிக வாய்ப்புள்ளது என்று எடைபோட்டால் போதும். ஆனால் உரிமை விளம்புகை கோரும் வாதி தன் ஆவணங்களின் பலத்தில்தான் நிற்க வேண்டும். பிரதிவாதியின் ஆவணம் பலவீனமானது என்பது அவருக்கு வெற்றி தராது. நம் வாதி 1998 பத்திரத்தை மட்டும் காட்டினால் போதாது. அவருக்கு விற்றவருக்கு அந்த உரிமை எப்படி வந்தது என்று தாய்ப்பத்திரம்வரை தொடர்பு காட்ட வேண்டும். வழக்குரையில் சொல்லாத ஒன்றுக்கு எவ்வளவு சாட்சியம் கொடுத்தாலும் நீதிபதி அதைப் பார்க்கக் கூடாது என்பதும் நிலைபெற்ற கோட்பாடு.

வாதம் முடிந்தவுடனோ, பொதுவாக 30 நாளுக்குள்ளோ, அசாதாரணச் சூழலில் 60 நாளுக்குள்ளோ தீர்ப்புக் கூற வேண்டும். ஒவ்வோர் எழுவினாவுக்கும் தனித்தனியே காரணத்தோடு விடை எழுத வேண்டும்; ஒரே வினாவின் விடை வழக்கை முழுமையாக முடித்துவிட்டால் மட்டும் மற்றவற்றை விடலாம். தீர்ப்பைத் தொடர்ந்து 15 நாளுக்குள் தீர்ப்பாணை வரைவு செய்யப்படும். அதில் சர்வே எண்ணோ அளவோ பிழையாக இருந்தால் 152-ஆவது பிரிவின்கீழ் உடனே திருத்திக்கொள்ள வேண்டும்.

ஒன்பதாம் படி: மேல்முறையீடும் நிறைவேற்றமும்

மேல்முறையீட்டை உயர் நீதிமன்றத்துக்கானால் 90 நாளிலும், மற்ற நீதிமன்றத்துக்கானால் 30 நாளிலும் தாக்கல் செய்ய வேண்டும். சான்றிட்ட நகலுக்கு மனுப்போட்ட நாளிலிருந்து அது தயாராகும்வரை ஆகும் நாட்கள் இந்தக் கணக்கில் கழிக்கப்படும் என்பதால், தீர்ப்பு வந்த அன்றே நகல் மனு போடுவது நல்லது. மேல்முறையீடு செய்ததாலேயே தீர்ப்பாணை நின்றுவிடாது. தனியாக மனுச் செய்து தடையுத்தரவு பெற வேண்டும். முதல் மேல்முறையீட்டில் சாட்சியம் முழுவதையும் மறுபடி எடைபோடுவார்கள். இரண்டாம் மேல்முறையீடு கணிசமான சட்ட வினா இருந்தால் மட்டுமே.

வென்றவர் தம் பலனைப் பெறுவது நிறைவேற்று மனுவின் மூலம்தான். பொதுவாக 12 ஆண்டுகளுக்குள் அதைப் போட வேண்டும். நிரந்தர உறுத்துக்கட்டளைக்கு இந்தக் கால வரம்பு இல்லை. சுவாதீன ஒப்படைப்புக்கு அமீனா நிலத்துக்கு வருவார். பூட்டை உடைக்கவோ காவல்துறை உதவி பெறவோ நீதிமன்றம் உத்தரவிடலாம். உறுத்துக்கட்டளையை மீறியவரைக் கட்டளை 21 விதி 32-ன்படி சிறையில் வைக்கலாம், அவர் சொத்தைப் பற்றுகை செய்யலாம். நிறைவேற்றும் இடத்தில் மூன்றாம் நபர் ஒருவர் வந்து தடுத்தால், விதி 97-ன்கீழ் எழும் அந்தத் தகராறை அதே நீதிமன்றம் அதே மனுவிலேயே விசாரித்து முடிவு செய்ய வேண்டும். அதற்கெனப் புது வழக்குத் தொடுக்கத் தேவையில்லை. நிறைவேற்று மனுவை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும், இயலாவிட்டால் தாமதத்துக்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டுள்ளது. மனு தாக்கலான தேதியைக் குறித்துவைத்து, ஆறாவது மாதம் நெருங்கும்போது அந்தத் தீர்ப்பை நீதிபதியின் கவனத்துக்குக் கொண்டுவரலாம்.